நூல் மாட்டிய சுவர்

வீட்டுக்கு நாலு சுவர் என்பார்கள். அந்த மூன்றாம் மாடி வீட்டின் முன்னறையில் சுவர் மூன்றுதான், நாலாவது நூல். கை எட்டும் உயரத்திலிருந்து முழங்கால் உயரம் வரைக்கும் ஏழு வரிசையாகத் தலையில்லாத நீள ஆணிகள், ஆணிக்கு ஒரு நூல்கண்டு. காலை வெயில் ஜன்னல் வழியாக வந்து அதன்மேல் விழுந்ததும், அறை முழுக்க ஒரு மங்கிய வண்ண வெளிச்சம் பரவி நிற்கும். கையில் இருக்கும் டீத் தம்ளர்கூடக் கொஞ்சம் ஊதாவாகத் தெரியும். பென்சிலம்மா அந்த வெளிச்சத்தில் கண்ணை முழுசாகத் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள். விழித்திருக்கிறாளா தூங்குகிறாளா என்று அவளுக்கே தெரியாது. அதற்குப் பெயர் சோம்பேறித்தனம் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், அவர்கள் வீட்டில் அப்படி ஒரு சுவர் இல்லை.

பென்சிலம்மா என்பது தெரு வைத்த பெயர். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். துணியில் பூவும் கொடியும் வரைவது அவள் வேலை. வரைந்ததன்மேல் ஊசியால் பூத்தையல் போடுவது அவள் வீட்டுக்காரர் வேலை. அவருக்குத் தெரு வைத்த பெயர் ஊசியார். திரைச்சீலை, மேசைவிரிப்பு, தொட்டில் போர்வை, கல்யாண உடுப்பு என்று எது வந்தாலும் இவள் கை பட்டு அவர் கைக்குப் போகும். கல்யாணமான வருஷத்திலிருந்து அப்படித்தான்.

இப்போது அந்த வீட்டைக் காலி செய்கிறார்கள். வேறொன்றுமில்லை, ஊசியாரின் முழங்காலுக்கும் மாடிப்படிக்கும் பொருத்தம் விட்டுப்போய்விட்டது. இரண்டு தெரு தள்ளித் தரைத்தளத்தில் ஒரு வீடு கிடைத்தது. வாசலில் படியே கிடையாது. எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது அவர் அந்தப் பேச்சை எடுக்கும் வரைக்கும்.

"புது வீட்டுல இந்த வேலை வேண்டாம். நூலையெல்லாம் யாருக்காவது குடுத்துடு."

"என்ன திடீர்னு?"

"கண்ணு அசந்துபோச்சு. போதும்."

"கண்ணு அசந்துபோச்சா? நேத்துதானே எதிர்வீட்டு மொட்டைமாடியில காயற சட்டையில பொத்தான் இல்லைன்னு சொன்னீங்க?"

"அது வேற."

"என்ன வேற?"

"சுவரைப் பேத்து எடுத்துட்டு வர முடியுமா? விடு." துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கண் அசந்ததும் இல்லை, மண்ணும் இல்லை. பேச்சு முழுக்க அந்தச் சுவரைப் பற்றித்தான்.

விஷயம் இதுதான். ஊசியாருக்கு நிறம் தெரியாது. நீலம் தெரியும், மஞ்சள் தெரியும். சிவப்பும் பச்சையும் பழுப்பும் அவர் கண்ணுக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள், யார் யார் என்று பிரித்துச் சொல்ல வராது. பூத்தையல்காரருக்கு இப்படி ஒரு கண்! கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள். அவர் யாரிடமும் சொன்னதும் இல்லை. கடையில் பெயர் கேட்டு நூல் வாங்கி வருவார். வந்ததும் ஓர் ஆணியில் மாட்டுவார். அன்றிலிருந்து அந்த ஆணிதான் அந்த நிறம். எந்த இடத்தில் எது என்பது அவர் விரலுக்கு மனப்பாடம். தையலில் குனிந்த தலை நிமிராமல் கை மட்டும் பின்னால் போய் வேண்டிய நூலை இழுத்து வரும்.

பென்சிலம்மா இதைக் கண்டுபிடித்தது கல்யாணமான புதுசில். அவளுக்கென்று ஒரு சால்வை வாங்கி வந்தார். தோளில் போர்த்திவிட்டு, "இந்தச் சிவப்பு உனக்கு எடுப்பா இருக்கு" என்றார். நல்ல பசும்பச்சைச் சால்வை அது. விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரிக்கப் போனவள், அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை உதட்டுக்குள்ளேயே மடக்கிக்கொண்டாள். அதே வருஷம் ஒருநாள் சுவரைத் தூசி தட்டியவள் இரண்டு கண்டுகளை இடம் மாற்றி மாட்டிவிட்டாள். அந்த வாரம் ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியை வீட்டு மேசைவிரிப்பில் பச்சை ரோஜாவும் சிவப்பு இலையும் பூத்தன. அந்த அம்மாள் பார்த்துவிட்டு, "அடடா, எவ்வளவு புதுமையா யோசிச்சிருக்கீங்க!" என்று மெச்சிக்கொண்டு போனது அவர்கள் செய்த புண்ணியம்.

அன்றிலிருந்து பென்சிலம்மா வாயைத் திறக்கவில்லை. எந்தக் கண்டை எடுத்தாலும் காலியாக இருக்கும் அதே ஆணியில் திருப்பி மாட்டுவாள், அவ்வளவுதான். நிறத்தின் பெயரையே சொல்வதில்லை. இலை நூல், இதழ் நூல், காம்பு நூல் என்றுதான் பேச்சு. தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் அவர் கூசிப்போவார், ஊசியைக் கீழே வைத்துவிடுவார் என்று பயம். அவர் வாயிலிருந்து வரும் ஒரே நிறம் அந்தச் சால்வையின் சிவப்புதான். அவள் அதைப் போர்த்தும்போதெல்லாம் அதே வசனத்தைச் சொல்வார், அவளும் போர்த்திக்கொண்டே இருந்தாள்.

இப்போது சுவர் போகிறது. கூடவே ஊசியும் போகும்போல இருக்கிறது. ஊசி இல்லாத ஊசியாரை அவளால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. ஜன்னலோரம் வெறும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு மனுஷரை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

"சரி, குடுத்துடறேன்" என்று சொல்லிவைத்தாள். மனசுக்குள், பார்த்துவிடலாம் ஒரு கை என்று முடிவு கட்டினாள்.

குழாய்க்காரர் வருகிறார் என்று அவர் புது வீட்டுக்குப் போன பகலில் கதவைத் தாழிட்டுக்கொண்டு வேலையில் இறங்கினாள். நூல்கண்டில் பெயர் எழுதி ஒட்டலாம். ஒட்டினால் குட்டு உடையும். படம் எடுத்து வைக்கலாம். அவளிடம் இருந்தது பொத்தான் ஃபோன், பேசுவதைத் தவிர அதற்கு ஒன்றும் தெரியாது. கடைசியில் தோன்றியது இதுதான்: நல்ல வழுவழுப்பான கயிறாக எடுத்து, மேல் வரிசையின் கண்டுகளை இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, அதன் நடுத்துளை வழியே கோத்தாள். முதல் வரிசைக் கயிற்றின் இடது முனையில் ஒரு முடிச்சு, இரண்டாம் வரிசைக்கு இரண்டு, இப்படியே ஏழு வரை.

வெளியே தெரு தன் பாட்டுக்கு இருந்தது. உள்ளே அவள் கழற்றக் கழற்ற அந்த வண்ண வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. நடுவில் எங்கேயோ அவளுக்குக் காலக்கணக்கு தப்பிவிட்டது. கழற்றுவது கல்யாண உடுப்பா தொட்டில் போர்வையா, இது எந்த வருஷம் என்று தெரியாத ஒரு மயக்கம். ஒரு கண்டைத் தொட்டால் எப்போதோ தைத்த மாதுளங்காய் கையில் கனத்தது. இன்னொன்றைத் தொட்டால், அதில் முடித்த கிளியைப் பார்த்து ஒரு குழந்தை 'இது பேசுமா?' என்று கேட்டது காதில் விழுந்தது. பேசும் பேசும் என்று வாய்விட்டே சொன்னாள். அப்புறம் தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டு, அடுத்த கண்டைக் கோத்தாள்.

ஏழு சரத்தையும் ஏழு தலையணை உறையில் போட்டு, பெட்டியில் போர்வைகளுக்கு அடியில் மறைத்தாள்.

சாயங்காலம் அவர் வந்தார். வெறும் ஆணிகளின் நிழல் சுவரில் நீளநீளமாகச் சாய்ந்து கிடந்தது. கண்டுகள் இருந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு வெளுப்பு மாறாமல் வட்டவட்டமாகத் தெரிந்தது. அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எல்லாம் குடுத்துட்டியா?"

"ம்."

நாற்காலியில் உட்கார்ந்தார். பேப்பரை எடுத்தார், பிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் வலது கை தானாகப் பின்னால் போய், மூன்றாம் வரிசையில் ஓர் ஆணியைத் தொட்டு, ஒன்றும் இல்லாததால் திரும்பி வந்தது. கை தன் பாட்டுக்குப் போய்விட்டு வந்தது, அவருக்குத் தெரியாது. பென்சிலம்மா அடுக்களைக்குள் போய் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பொறுத்தது பொறுத்தாயிற்று, ஒரே ஒரு நாள்தானே என்று விழுங்கிக்கொண்டாள்.

மறுநாள் சாமான் ஏற்றும் வண்டி வந்தது. கூடவே ஊசியாரின் தங்கையும் வந்தாள். குடும்பத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் சூறாவளி. மனசு தங்கம், அதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. உப்பு ஜாடி ஒரு பக்கம், அதன் மூடி ஒரு பக்கம் என்று ஒரு மணி நேரத்தில் வீட்டைத் தலைகீழாக்கிவிட்டாள்.

"நீங்க உக்காருங்க அண்ணி, நான் பாத்துக்கறேன். அண்ணா, அந்த முழங்காலைத் தூக்கிக்கிட்டு வழியை விட்டு நகருங்க!"

பென்சிலம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தப் பெட்டியைக் காவல் காத்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லிக்கொள்ள வந்தபோது மட்டும் வாசலுக்குப் போனாள். அழுதார்கள், கட்டிக்கொண்டார்கள், இரண்டு தெரு தள்ளித்தான் போகிறோம் என்பதையே எல்லாரும் மறந்துவிட்டார்கள். அவள் திரும்பி வந்தபோது பெட்டி வண்டியில் ஏறியிருந்தது.

புது வீட்டில் சாமான்கள் இறங்கின. ஊசியார் வாசலில் வண்டிக்காரரோடு பேசிக்கொண்டு நின்றார். அவள் முன்னறையில் பெட்டியைத் திறந்து போர்வைகளை விலக்கினாள். ஏழு தலையணை உறை இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு பெரிய மெத்தை உறை உப்பிக்கொண்டு கிடந்தது. அவிழ்த்தாள். அத்தனை நூல்கண்டும் அதற்குள் கலந்துகட்டிக் கிடந்தன.

"அதுவா அண்ணி?" சூறாவளி பின்னாலிருந்து பெருமையாகச் சொன்னாள். "கண்ணாடி அலமாரிக் கதவு ஆடிக்கிட்டே இருந்துச்சு, கட்டறதுக்குக் கயிறு பத்தலை. பாத்தா நல்ல கயிறா இதுல சும்மா கோத்துக் கிடக்குது! உருவி எடுத்துக்கிட்டேன். தலையணை உறையெல்லாம் தட்டு சுத்தறதுக்கு ஆச்சு. ஒரு தட்டு உடையலையே!"

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக ஆயிற்று. என்னத்தைச் சொல்வது? திட்டவும் முடியாது, திட்டினால் காரணம் சொல்ல வேண்டும். "நல்ல காரியம் பண்ணினம்மா" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெண் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போனாள்.

பென்சிலம்மா தரையில் ஒரு வெள்ளைப் போர்வையை விரித்து நூலையெல்லாம் அதில் கொட்டினாள். உருண்டு உருண்டு மூலைக்கு மூலை ஓடின. பரவாயில்லை, எத்தனை வருஷம் பார்த்த சுவர், கண்ணை மூடினால் தெரியாதா என்று கண்ணை மூடினாள்.

சுவர் வந்தது. வெளிச்சம் வந்தது. டீத் தம்ளரின் ஊதாகூட வந்தது. ஆனால் மேல் வரிசையில் முதல் கண்டு எது என்று பார்க்கப் போனால் எல்லாம் தண்ணீரில் கரைந்த மாதிரி ஒன்றோடொன்று குழைந்தது. சிவப்புக்குப் பக்கத்தில் சாம்பலா? சாம்பலுக்குக் கீழே வாடாமல்லியா? ஒன்றும் பிடிபடவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவளுக்குக் கண் இருந்தது. வேண்டிய நிறத்தைக் கண்ணால் பார்த்து எடுத்தாள், காலி ஆணியில் திருப்பி மாட்டினாள். எந்த இடத்தில் எது என்று அவள் ஒருநாளும் படிக்கவே இல்லை. அதைப் படித்தவர் அவர் ஒருவர்தான். நிறம் அவளுக்குத் தெரியும், இடம் அவருக்குத் தெரியும். ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல் இந்தச் சுவர் இனி எழும்பாது.

"குடுத்துட்டேன்னு சொன்ன?"

அவர் வாசற்படியில்லாத வாசலைத் தாண்டி உள்ளே வந்து நின்றிருந்தார். போர்வை முழுக்கச் சிதறிக் கிடந்த நூலைப் பார்த்தார்.

"பொய் சொன்னேன்."

"ஏன்?"

"நீங்க தைக்கணும். நீங்க தைக்காம இருக்கறதை என்னால பாக்க முடியாது. நான் வரிசை மாறாமத்தான் கோத்து எடுத்துட்டு வந்தேன், உங்க தங்கச்சி கயிறை உருவிட்டா. வரிசை போச்சுங்க. எல்லாம் போச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் எதைச் சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. நூல் போச்சு என்றிருக்கலாம். வரிசை போச்சு என்று ஏன் அழ வேண்டும், வரிசையால் யாருக்கு என்ன ஆக வேண்டும்? கொட்டியதை அள்ள முடியாது. தலையைக் குனிந்துகொண்டாள். எங்கேயோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. புது ஜன்னல் வழியே வந்த வெயில் போர்வையின்மேல் மெதுவாக நகர்ந்து, நூல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனது.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, முழங்காலைத் திட்டிக்கொண்டு, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"பென்சிலைக் குடு."

அவள் கொண்டையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் வெறும் சுவரில் வட்டம் வட்டமாகப் போட ஆரம்பித்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டிய மட்டும். மேலே எட்டாததற்கு, "நீ எழுந்து போடு" என்றார். ஏழு வரிசை.

"மேல் வரிசை, முதல் ஆணி. டாக்டரம்மா வீட்டுத் திரைக்கு வாங்கினது. நீ ஏதோ கொடி போட்டிருந்த."

"திராட்சைக்கொடி."

"ஆங். அதோட இலை."

அவள் போர்வையில் தேடி எடுத்தாள். "கரும்பச்சை" என்றாள்.

அவர் கண்டை வாங்கி, விரலால் ஒருமுறை தடவி, வட்டத்துக்கு நேர் கீழே தரையில் வைத்தார். "அதுக்குப் பக்கத்துல, அந்த ரெட்டைக் குழந்தைங்க தொட்டில். பூ."

"வெளிர்சிவப்பு."

"அடுத்தது குடை. ஒருத்தர் கோட்டுப் பையில தைக்கச் சொன்னாரே, மழைக்கே வெளிய வராத மனுஷன்."

"கறுப்பு!" என்று அவள் சிரித்துவிட்டாள்.

"அது எனக்கே தெரியும், சும்மா சொன்னேன்."

இப்படியே போயிற்று. அவர் கண்ணை மூடிக்கொண்டு இடத்தைச் சொன்னார், அவள் கண்ணைத் திறந்துகொண்டு நிறத்தைச் சொன்னாள். மேசைவிரிப்பும் திரையும் மணப்பெண்ணின் கைவிளிம்பும் ஒவ்வொன்றாக அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்தன. பேசுமா என்று கேட்கப்பட்ட கிளியும் வந்தது. பழைய வீட்டின் வண்ண வெளிச்சம் வழி கண்டுபிடித்துக்கொண்டு இரண்டு தெரு தாண்டி வருவதாக அவளுக்குத் தோன்றியது. வெயில் சாய்ந்ததுகூடத் தெரியவில்லை.

கடைசியில் ஒரே ஒரு கண்டு மிஞ்சியது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஞாபகம் இல்லை" என்றார். அப்புறம், எத்தனையோ வருஷமாகக் கேட்காத கேள்வியைச் சாதாரணமாகக் கேட்டார். "என்ன நிறம் இது?"

"பழுப்பு."

"அப்ப கடைசி வரிசை, கடைசி ஆணி. இன்னிலேர்ந்து அதுதான் பழுப்பு."

"எனக்குத் தெரியும்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள்.

"சால்வை வாங்கின வாரமே. கீழ்வீட்டுத் தையல்காரர், 'உங்க வீட்டம்மாவுக்குப் பச்சைச் சால்வை பொருத்தமா இருக்கு'ன்னாரு. பச்சைன்னு தெரிஞ்சும் நீ ஒண்ணும் சொல்லலையேன்னு வீட்டுக்கு வந்து உன்னையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

"அட பாவி மனுஷா! அப்புறம் எதுக்கு இத்தனை வருஷமா சிவப்பு சிவப்புன்னு..."

"ஒவ்வொரு தடவை சொல்றப்பவும் உன் வாயோரம் ஒரு சிரிப்பு வரும். அடக்கப் பாப்ப, முடியாது. எனக்கு நிறம் தெரியாட்டி என்ன, அது நல்லாத் தெரியும்." அவர் பென்சிலை அவள் கொண்டையில் திருப்பிச் செருகினார். "சொல்லிட்டா அந்தச் சிரிப்பு போயிடும்னு பயம். இந்தச் சுவரும் போய், அதுவும் போயிடுச்சுன்னா, நான் என்னத்தை வச்சுத் தைக்கிறது?"

பென்சிலம்மா அழுதாள். அழுதுகொண்டே எழுந்து போய், கண்ணாடி அலமாரியின் கயிற்றை அவிழ்த்துத் திறந்து, அந்தச் சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றாள். ஓரமெல்லாம் நூல் பிரிந்துபோன, சாயம் மங்கிப்போன பச்சை.

"சொல்லுங்க" என்றாள்.

அவர் ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்தச் சிவப்பு உனக்கு எடுப்பா இருக்கு."

இந்தத் தடவை அவள் அடக்கப் பார்க்கவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள், அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "சரி, சுத்தியல் எந்தப் பெட்டியில இருக்கு?" என்று கேட்டார். சூறாவளி அடுக்கியது, யாருக்குத் தெரியும்? இருவரும் தேட ஆரம்பித்தார்கள்.